அரச வீதியும் தேர் வீதியும்

ஒரு நகரின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளை முதலிற் காண்பது வழக்கம். ஆனால் மாளிகை ஒருவர்க்கு உரியது; வீதியோ யாவர்க்கும் உரியது என்று சொல்லப்படுவது. அச்சொல் எத்துணை மெய்யென ஆராயுமிடத்தே நகரின் உள்ளம் வெளிப்படும். பழந்தமிழ்ப் புலவர் மதுரையின் அகன்ற தெருவை ஆற்றுக்கு ஒப்பிட்டனர். ஆற்றின் அகலமும் நீளமும் மட்டும் அவ்வுவமைக்குக் காரணமாகா. ஆறு இருகரையிலும் வாழ்வார் அனைவரையும் ஒப்ப நனைத்துச் செல்வது. அகலம், நீளம், அழகு ஆகியவற்றோடு இந்நான்காவது பண்பையும் சேர்த்தே ஒரு பெருவீதியின் சிறப்பை மதிப்பிடுதல் வேண்டும்.

ஐரோப்பியத் தலைநகரங்களிற் பெருவீதி அமைக்கும் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் உச்சநிலை எய்தியது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1853ஆம் ஆண்டு தொடக்கம், ஓஸ்மான் என்பார் பாரிசு நகரின் நெருங்கிய பழந்தெருக்களை இடித்து நேரிய அகன்ற வீதிகளை வகுத்தார். அங்கேரித் தலைநகராகிய புடாபெஸ்டில் 1872இல் தொடங்கி 1876இல் திறக்கப்பட்ட அந்திராசி வீதி அம்மரபில் வந்தது. இருமருங்கும் ஒத்த உயரமுடைய மனைகள், நடுவே 1884இல் திறக்கப்பட்ட இசை நாடக அரங்கு, நிலத்தின் கீழே 1896இல் ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை, முடிவில் வீரர் சதுக்கம் என அது அமைந்தது. இவ்வகை வீதிகளுக்குப் பொதுவான இலக்கணம் ஒன்றுண்டு. வீதி நேர்கோடாக இருத்தல் வேண்டும். அதன் முடிவில் ஒரு மாளிகையோ வளைவோ தூணோ நிற்றல் வேண்டும். நடப்பவரின் கண் அம்முடிவை விட்டு அகலாதிருத்தல் வேண்டும். கட்டடங்கள் தனித்தனியே பேசுவதில்லை. யாவும் சேர்ந்து முடிவில் நிற்பதனையே சுட்டுகின்றன.

முடிவில் நிற்பது அதிகாரமாதலின், அதிகாரம் மாறுந்தோறும் வீதியின் பெயரும் மாறுவது இயல்பாயிற்று. அந்திராசி வீதி 1950இல் ஸ்டாலின் வீதி ஆயிற்று. 1956ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது இளைஞர் வீதி எனப்பட்டது. 1957இல் மக்கட் குடியரசு வீதி ஆயிற்று. 1990இல் மீண்டும் பழம்பெயரைப் பெற்றது. மனைகளும் மரங்களும் மாறவில்லை. கல்லில் எழுதிய கருத்து நிலையானதென எண்ணியோர்க்கு அவ்வீதியின் பெயர்ப்பலகை போதிய மறுமொழியாகும்.

இக்கலை ஆசியாவில் முழுவடிவம் பெற்ற இடம் புதுதில்லி. 1911 டிசம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்த தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என அறிவித்தார். எட்வின் லட்யன்ஸ், ஹேர்பேட் பேக்கர் என்னும் இருவர் அந்நகரின் தலையாய சிற்பிகளாயினர். இரைசினாக் குன்றின் மேல் அரசப் பிரதிநிதியின் மாளிகையை லட்யன்ஸ் அமைத்தார்; அதன் முன்னே இருமருங்கும் தலைமைச் செயலகத்தின் இரு பகுதிகளைப் பேக்கர் அமைத்தார். குன்றின் அடியிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் அரச வீதி, போரில் மடிந்த இந்தியப் படைவீரர் நினைவாக எழுந்த வளைவைச் சென்றடைகிறது. 1921இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அவ்வளைவின் உயரம் 42 மீற்றர். 1931 பெப்ரவரியில் புதிய தலைநகர் திறந்து வைக்கப்பட்டது.

இவ்வமைப்பின் கலைச்சிறப்பை மறுப்பது நேர்மையாகாது. செம்மணற்கல்லும் வெளிர்மஞ்சட் கல்லும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு, வடநாட்டு வெயிலிற் கண்ணுக்கு இதமான நிறச்சேர்க்கை தருகின்றன. மாளிகையின் நடுக்கவிகை சாஞ்சித் தூபத்தை நினைவூட்டுவது. அதனைச் சூழ்ந்த கல்வேலியும் அங்கிருந்து வந்ததே. வெயிலையும் மழையையும் தடுக்கும் நீண்ட கல் இறவாரமும், காற்றை விடுத்து ஒளியைத் தணிக்கும் கற்சல்லடைகளும் இந்நாட்டுக் கட்டடக்கலைஞர் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டவை. உரோமானியத் தூண்வரிசையோடு இவற்றை ஒட்டுப்போட்டதுபோலத் தோன்றாவண்ணம் ஒரே உடலின் உறுப்புகளாக இணைத்த திறம் லட்யன்ஸின் தனித்திறமாகும். வீதியின் இருபுறமும் விரிந்த புல்வெளிகளும் நீண்ட நீர்வரிகளும் நிழல் மரங்களும் அதன் பெருமையை வறட்சியின்றிக் காக்கின்றன.

எனினும், இத்தகைய கலைஞன் வகுத்த வீதியில் ஒரு பெரும் பிழை நேர்ந்தது. மாளிகையையும் செயலகங்களையும் ஒரே மட்டத்தில் குன்றின் மேல் நிறுத்த முடிவுசெய்தபோது, மாளிகை பின்னே தள்ளப்பட்டது. செயலகங்களின் நடுவே ஏறும் பாதை ஏறத்தாழ இருபத்திரண்டரை அடிக்கு ஓரடி உயரும் சரிவாக அமைந்தது. இதன் விளைவு வீதியில் நடந்து செல்வோர்க்கே புலப்படும். தொலைவில் மாளிகை தெரிகிறது. அண்மையில் வர வர, அதன் தூண்வரிசை குன்றின் விளிம்பிற்குக் கீழே தாழ்கிறது. குன்றின் அடியை அடையும்போது கவிகையின் மேற்பகுதியே எஞ்சுகிறது. மேட்டில் ஏறிய பின்னரே மாளிகை மீண்டும் முழுமையாகத் தோன்றும். 1916ஆம் ஆண்டளவில் இதன் விளைவை உணர்ந்த லட்யன்ஸ் சரிவை மாற்றும்படி பலகாலம் வாதாடினார். செலவு கருதியும் பேக்கரின் மறுப்புக் கருதியும் அரசாங்கம் இசையவில்லை. நண்பர் இருவரும் அதனாற் பகைவராயினர்.

இப்பிழையை ஒரு குறியீடாகக் கொண்டு, பேரரசின் வீழ்ச்சியைக் கல்லே முன்னறிவித்தது என்று கூறுவாரும் உளர். அது கவிதைக்கு ஏற்ற கூற்றேயன்றித் திறனாய்வுக்கு ஏற்றதன்று. சரிவு தவறியது கணக்கினால். ஆயினும் அச்சிறு தவறு இத்துணைப் பெரிய பூசலுக்குக் காரணமானது ஏன் என்று வினவலாம். வீதியின் பொருள் முழுவதும் ஒரே கோட்டில் நின்று ஒரே முடிவை நோக்கும் பார்வையில் வைக்கப்பட்டிருந்தது. அப்பார்வை மறைந்தால் எஞ்சுவது அகலமும் நீளமுமே. வேறு தொழில் எதுவும் அவ்வீதிக்கு வகுக்கப்படவில்லை. அங்காடி இல்லை, குடியிருப்பு இல்லை, கோயில் இல்லை. பார்த்து வியப்பதற்கென்றே அமைந்த வீதிக்குப் பார்வை பழுதானால் எல்லாம் பழுதே.

வீதி யாரை நோக்கிப் பேசியது என்பதற்குச் செயலகத்தின் வடபகுதி வாயிலில் உள்ள ஆங்கில வாசகம் சான்று. விடுதலை மக்களிடம் தானே இறங்கி வாராது, மக்களே உயர்ந்து அதற்குத் தகுதி பெறல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆசிரியன் மாணவனுக்குக் கூறினால் நல்லுரையாகும் இக்கூற்று, விடுதலையைத் தன் கையில் வைத்திருப்போன் அதனை இழந்தோனுக்குக் கூறுமிடத்து வேறு பொருள் பெறுகிறது. ஆனால் வரலாறு விரைவிலேயே மறுமொழி கூறிற்று. தலைநகர் திறக்கப்பட்ட அதே மாதத்தில், 1931 பெப்ரவரி 17ஆம் நாள், முந்திய ஆண்டு உப்பெடுக்கத் தண்டிக்கு நடந்து சென்ற காந்தியடிகள் இர்வின் பிரபுவோடு ஒப்புரிமையுடன் பேசுவதற்காக அம்மாளிகையின் படிகளில் ஏறினார். காண்போரைச் சிறியராக்கும் நோக்குடன் எழுந்த படிகள் அரைவேட்டி உடுத்த ஒருவரைச் சிறியராக்க இயலவில்லை. இங்கிலாந்தில் சேர்ச்சில் அக்காட்சியை நினைத்துச் சினந்து பேசியமை யாவரும் அறிந்ததே. அப்படிகளின் நோக்கத்தை அவர் நன்குணர்ந்திருந்தார் என்பதற்கு அச்சினமே சான்று.

இனி, இதற்கு மாறான இலக்கணமுடைய வீதியொன்றை ஒப்புநோக்குதல் பயன்தரும். மதுரையில் மீனாட்சியம்மை திருக்கோயிலைச் சூழ்ந்து வீதிகள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்துள்ளன. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் திங்களும் விழாவும் அவற்றுக்குப் பெயராயின. இவ்வீதிகளுக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை. கோபுரம் ஒரு திருப்பத்தில் தோன்றும். மறு திருப்பத்தில் மறையும். அங்கே அது குறையாகக் கருதப்படுவதில்லை. ஏனெனில் வீதியின் பொருள் கோபுரத்தைக் காண்பதன்று. கோயிலில் உறையும் தெய்வம் வீட்டு வாயிலுக்கு வருவதே அதன் பொருள். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வரும். வீதியின் அகலம் தேரின் அகலத்தால் அளவிடப்பட்டது; மூலையின் விரிவு தேர் திரும்புவதற்கு வேண்டிய இடத்தால் அளவிடப்பட்டது. வடம் பிடிப்போர் பலர். சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை இடுவோர் சிலர். அச்சிலர் கைதவறினால் தேர் யார் வீட்டுத் திண்ணையையும் பார்த்து நிற்காது. முடிவில் தேர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி நிலைக்கு வரும். அரச வீதியில் மக்கள் அதிகாரத்தை நோக்கி நடக்கின்றனர். தேர் வீதியில் உயர்ந்தது மக்களை நோக்கி வருகிறது. நேர்கோட்டுக்கும் சுற்றுக்கும் உள்ள உண்மையான வேற்றுமை இதுவே.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், மேலைநாட்டார் வீதி தாழ்ந்தது, நம்மவர் வீதி உயர்ந்தது என்னும் எளிய முடிவு கிடைக்கும். அம்முடிவு பலர் செவிக்கு இனிதாயினும் மெய்யன்று. தெய்வம் யாவர் வாயிலுக்கும் வந்ததா என்னும் வினாவுக்கு விடை கூறல் வேண்டும். கோயிலைச் சூழ்ந்த வீதிகளிற் கால்வைக்கவும் சிலர் தடுக்கப்பட்டனர். திருவிதாங்கூரில் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்காக 1924, 1925ஆம் ஆண்டுகளில் அறப்போர் நிகழ்த்த வேண்டியிருந்தது. அங்கே கேட்கப்பட்டது கோயிலுள் நுழையும் உரிமையன்று. பொதுவழியில் நடக்கும் உரிமையே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. மதுரையில் 1939 யூலை 8ஆம் நாளன்றே அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் மீனாட்சியம்மை கோயிலுள் சென்றனர். யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் 1968ஆம் ஆண்டும் அப்போராட்டம் தொடர்ந்தது. பேரரசன் தன் வீதியின் முடிவில் எழுதி வைத்த தகுதி வாசகத்தைச் சாதியாளர் எழுதாமலே தம் வீதியின் தொடக்கத்தில் வைத்திருந்தனர். எழுத்தில் இல்லாத தடை கல்லெழுத்தினும் நெடுங்காலம் நின்றது.

ஆகவே வடிவம் மட்டும் ஒரு வீதியை அறமுடையதாக்காது. சுற்று வீதியிலும் விலக்குதல் உண்டு. நேர்கோட்டு வீதியும் மக்களுக்குரியதாக மாறுதல் கூடும். தில்லியின் அரச வீதியே இதற்குச் சான்று. விடுதலைக்குப்பின் அது இராஜபாதை எனப் பெயர் பெற்றது. 1955ஆம் ஆண்டு தொடக்கம் குடியரசு நாள் அணிவகுப்பு ஆண்டுதோறும் அங்கே நிகழ்கிறது. ஐந்தாம் ஜோர்ஜின் சிலை அதன் கவிகையின் கீழிருந்து 1968இல் அகற்றப்பட்டது. அவ்விடம் நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது. மாலை வேளைகளில் குடும்பத்தோடு வந்து புல்வெளியில் அமர்வோரும், குளிர்களி விற்போரும், பட்டம் விடும் சிறுவரும், எந்தச் சிற்பியும் வகுக்காத ஒரு தொழிலை அவ்வீதிக்குக் கொடுத்தனர். 1988ஆம் ஆண்டு ஒக்டோபரில் மகேந்திர சிங் திக்காயத் தலைமையில் வந்த உழவர் பெருந்திரளாக அப்புல்வெளிகளிலே தங்கி, அங்கேயே சமைத்துண்டு, தம் குறைகளை அரசுக்கு எடுத்துரைத்தனர். அரசனை வியப்பதற்கென அமைந்த வெளியில் உழவனின் அடுப்புப் புகைந்தது. அவ்வீதியின் வரலாற்றில் அதன் உண்மையான திறப்புவிழா அதுவே என்று கூறினும் மிகையாகாது. 1990களில் அத்தகைய கூட்டங்கள் அங்கே தடைசெய்யப்பட்டு வேறிடத்துக்கு மாற்றப்பட்டன.

2022 செப்டெம்பரில் வீதி புதுக்கப்பட்டுக் கடமைப் பாதை என்று பொருள்படும் பெயரைப் பெற்றது. வெறுமையாயிருந்த கவிகையின் கீழ் சுபாஷ் சந்திர போஸின் கருங்கற் சிலை நிறுவப்பட்டது. பெயர்மாற்றத்தைப் போற்றுவாரும் தூற்றுவாரும் உளர். இருசாராரும் பெயரிலேயே தம் கருத்தைச் செலுத்துகின்றனர். புடாபெஸ்ட் வீதியின் வரலாறு பெயரின் நிலையாமையைக் காட்டுகிறது. அப்பெயரினும் கருதத்தக்க செய்தி வேறொன்றுண்டு. வீதியைப் புதுக்கிய தொழிலாளர் 2023ஆம் ஆண்டுக் குடியரசு நாள் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டனர். ஒரு நாளைய அழைப்பு உரிமையாகாது. எனினும் கல்லடுக்கியோர் தாம் அடுக்கிய கல்லின்மேல் விருந்தினராக அமர்ந்த காட்சி சிறிதன்று. குடியானவர் கூட்டம் அங்கே மீண்டும் அமர இயலுமா என்னும் வினாவே புதிய பெயரின் மெய்ப்பொருளை முடிவுசெய்யும்.

இவ்வளவுகோலை இலங்கையில் வைத்து நோக்குவோர் தொலைவு செல்லவேண்டியதில்லை. கேகாலை நகரின் ஊடாகச் செல்லும் கொழும்பு கண்டி நெடுஞ்சாலை தலைநகரப் பெருவீதியன்று. கவிகையும் தூண்வரிசையும் அதற்கு இல்லை. ஆயினும் அதுவும் அதிகாரம் வரைந்த ஒரு கோடே. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817, 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி, மலைநாட்டுக்குள் படை விரைந்து செல்லும் பாதையின் தேவையை அவர்க்கு உணர்த்திற்று. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில் கப்டன் டோசன் என்னும் பொறியியலாளர் இப்பாதையை வகுத்தார். மாவனல்லையில் மகா ஓயாவின் குறுக்கே உள்ள செங்கல் வளைவுப் பாலம் அடுத்து வந்த 1830களின் வேலைத்திறனுக்குச் சான்றாக நிற்கிறது. கேகாலை மாவட்டத்தின் எல்லையைக் கடந்ததும் கடுகண்ணாவைக் கணவாயில் பாதை பாறையைக் குடைந்து செல்கிறது. மலையைத் துளைப்பவரே கண்டியை நிலையாக ஆள்வர் என்றொரு பழங்கூற்று இருந்ததாகவும், அக்குடைவு மக்கள் உள்ளத்தைக் குறிவைத்ததாகவும் கூறுவர். கணவாயின் உச்சியில் ஏறத்தாழ 125 அடி உயரமான கோபுரமொன்று நிற்கிறது. 1829இல் இறந்த டோசனின் நினைவாக அவர்தம் நண்பர் 1832இல் அதனை எழுப்பினர்.

டோசன் திறமை மிக்கவர். அவர்க்கு நினைவுச்சின்னம் தகும். ஆனால் பாதையை வெட்டியோர் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தாற் பிணிக்கப்பட்ட சிங்களக் குடியானவர். அவ்வூழியம் ஒழிக்கப்பட்டதும் கோபுரம் எழுந்த அதே 1832ஆம் ஆண்டிலேயே. பின்னர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் உழைப்பால் விளைந்த கோப்பி, 1867இல் புகைவண்டி கண்டியை அடையும்வரை, மாட்டு வண்டிகளில் இப்பாதை வழியே துறைமுகம் சென்றது. கோப்பி அழிந்தபின் தேயிலையும் றப்பரும் வந்தன. இவ்விரு மக்களுள் எவரையும் கடுகண்ணாவைக் கோபுரத்தின் கல் பேசவில்லை. மதுரையில் 1840களில் பழங்கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டபோது, அவ்வேலையை முன்னின்று நடத்திய மேஸ்திரி ஒருவர் பெயர் புதிய வீதியொன்றுக்குச் சூட்டப்பட்டது. பெருமாள் மேஸ்திரி வீதி என்று அது இன்றும் வழங்குகிறது. கோபுரம் காண்போரை அண்ணாந்து பார்க்கச் செய்யும். வீதியின் பெயரோ வழிகேட்போர் நாவிலும் கடிதம் எழுதுவோர் கையிலும் நாள்தோறும் வாழும். இரண்டனுள் எது நிலைத்த சின்னமென்பது சிந்திக்கத்தக்கது.

பெயரினும் பெரியது உரிமை. இப்பாதையின் இருமருங்கும் உள்ள தோட்டங்களில் உழைத்தோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராயினர். தாம் நடந்த பாதை தமக்குரிய நாட்டின் பாதையன்று என அவர்க்குச் சட்டம் கூறியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பலர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியோர்க்கு முழுமையாக வழிதிறந்தது. தில்லி வாயிலின் வாசகமும், வைக்கத்து வீதியின் தடையும், 1948ஆம் ஆண்டுச் சட்டமும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் எழுதியவை. பொருள் ஒன்றே: வழியை அமைத்தவன் வழிக்கு உரியவனல்லன் என்பது.

கட்டடக்கலையை ஆராய்வோர் தூணின் விகிதத்தையும் கவிகையின் வளைவையும் ஆராய்தல் முறையே. அவ்வாராய்ச்சி இன்றேல் லட்யன்ஸின் ஆற்றலும் நாயக்கர் காலத்து நகர் அமைப்பின் நுட்பமும் புலப்படா. ஆனால் வீதி என்பது கட்டடங்களுக்கு இடையே விடப்பட்ட வெளி. அவ்வெளியை நிரப்புவோர் மனிதர். அவர்கள் எவ்வழியாக வந்தனர், யாரால் தடுக்கப்பட்டனர், அங்கே உட்கார அவர்க்கு உரிமை உண்டா என்பனவும் அக்கலையின் இலக்கணத்துள் அடங்குவனவே. இவற்றை விடுத்து எழுதப்படும் வீதி வருணனை, நீரைப் பற்றிக் கூறாது ஆற்றின் கரையை மட்டும் அளந்து எழுதுவது போன்றதாம்.